சின்ன காரில் மூன்று குழந்தைகள்: பிராண்ட் கேட்பதற்கு முன்னால் பெல்ட்டைப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, மூத்தவள் மகள், ஐந்து வயது, 17 கிலோ, 108 செ.மீ. உயரம். அடுத்து இரட்டைப் பையன்கள், எட்டு மாதம், ஆளுக்கு 8 கிலோ. கார் பத்து வருஷப் பழைய சின்ன ஹேட்ச்பேக். ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டைப் பூட்டக் காரிலேயே இருக்கும் கொக்கி) கிடையாது. பின்னால் ஜன்னலோரம் இரண்டுக்கும் தோள் பெல்ட் உண்டு, நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். ஏர்பேக் டிரைவருக்கு மட்டும். மாதம் இரண்டு தடவை புனலூரில் மாமியார் வீட்டுக்குப் போகணும். மூன்று குழந்தை சீட்டையும் பின்னால் வைக்க முடியுமா? எந்தப் பிராண்ட் வாங்கலாம்?"

தம்பி, கேட்க வேண்டிய விவரம் எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். பலர் பிராண்டை மட்டும் கேட்பார்கள். ஷார்ஜாவில் குழந்தைப் பொருள் கடையில் ஏழு வருஷம் இந்த சீட்டுகளை மாட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். இப்போது தென்காசியில் கார் அக்சஸரீஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் மூன்று பிள்ளைகள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் காரின் பின்சீட்டில் உங்கள் மூன்று பிள்ளைகளையும் பத்திரமாக வைக்க முடியாது. அகலம் போதாது என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் அந்த நடு பெல்ட். ஆனாலும் மூவரையும் பத்திரமாகக் கூட்டிப்போக ஒரு வழி இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. "மலை ரோட்டில் மெதுவாகத்தானே போகிறோம், ஆச்சி மடியில் வைத்துக்கொள்வாள்" என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்வார். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். எதிரே வரும் லாரியில் மோதினால் அந்த வேகம் சுமார் பத்தில் ஒரு நொடிக்குள் பூஜ்யமாகிறது. அப்போது குழந்தை அதன் எடையைப் போல சராசரியாக 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். உச்சத்தில் இன்னும் கூடும். 8 கிலோ பையனுக்கு 110 கிலோவுக்கு மேல். எவ்வளவு பாசமுள்ள கையானாலும் அந்த எடையைப் பிடித்து நிறுத்தாது. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய எடையும் குழந்தைமேல்தான் விழும். ஒரே பெல்ட்டை இருவரையும் சேர்த்துப் போட்டால் பெல்ட்டுக்கும் பெரியவருக்கும் நடுவே குழந்தை நசுங்கும். மேலே உள்ள கைப்பிடிகளில் சேலையைக் கட்டித் தொட்டில் போடுவதையும் நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். வீட்டுத் தொட்டில் விட்டத்தில் ஆடட்டும். ஓடுகிற காரில் அது குழந்தையை வீசி எறியும் கவண்தான். தயவுசெய்து வேண்டாம்.

உங்கள் ரோடும் லேசான ரோடு இல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அதனால் நம் பக்கத்தில் பாதி வீட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு, போக்குவரத்தும் ஓயாது. புளியரை செக்போஸ்ட் தாண்டியதும் எஸ் வளைவு. அப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கல்லும் எம் சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாக இறங்கும். கார்த்திகையில் அய்யப்ப பக்தர்களின் வேன்கள் வேறு. இங்கே வேகத்தைவிடத் திடீர் பிரேக்தான் அதிகம். திடீர் பிரேக்கில் முதலில் சரிவது தளர்வாக மாட்டிய சீட்.

இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தேவை என்று பார்ப்போம்.

பையன்கள் இருவரும் காரின் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பின் உயரத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு தலை. கழுத்தெலும்பு இன்னும் முழுக்க எலும்பாகவில்லை, பாதி குருத்தெலும்பு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதும்போது உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், பாரம் முழுக்க கழுத்தில் விழும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கும். ஐரோப்பாவின் புதிய விதியான ஆர்129, குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் என்கிறது. சுவீடனில் நான்கு வயது வரை வைக்கிறார்கள். சீட்டில் எழுதியிருக்கிற எடை அல்லது உயர வரம்பு எட்டும் வரை திருப்பாமல் இருப்பதே என் ஆலோசனை. "கால் இடிக்கிறதே" என்று வீட்டில் கேட்பார்கள். கால் மடங்கி இருப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. நம் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள்தானே.

மகளுக்கு முதுகு உயர்ந்த பூஸ்டர் வேண்டும். பூஸ்டரில் பெரும்பாலும் தனிப் பட்டை இருக்காது. காரின் பெல்ட்டே பிள்ளையைப் பிடிக்கும், பூஸ்டர் அவளைச் சரியான உயரத்துக்குத் தூக்கி, பெல்ட்டைத் தோளெலும்பின் நடுவிலும் இடுப்பெலும்பின் மேலும் ஓட வைக்கும். அதனால் பூஸ்டருக்குத் தோள் பெல்ட் கட்டாயம். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள நடு இடத்தில் பூஸ்டரை வைத்தால் மேல் உடம்பு கத்தி மடங்குவது போல மடங்கும், இடுப்புப் பட்டை வயிற்றுக்குள் ஏறும். அங்கே வைக்கவே கூடாது. முதுகு இல்லாத வெறும் மெத்தை பூஸ்டரும் இப்போது வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி புதிதாக வரும் முதுகில்லாத பூஸ்டர்கள் 125 செ.மீ. உயரமும் 22 கிலோவும் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான். உங்கள் மகள் இன்னும் வளர வேண்டும்.

ஆக, பையன்களின் சீட்டை மாட்டுவதற்கும் சேர்த்து மூன்று பேருக்கும் தோள் பெல்ட் வேண்டும், உங்கள் பின்சீட்டில் இரண்டுதான் இருக்கிறது. பட்டறையில் நடுவில் ஒரு தோள் பெல்ட் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட் பிடித்திருக்கும் இடம் பல நூறு கிலோ இழுவையைத் தாங்கும்படி காரின் கூட்டோடு சேர்த்துச் செய்தது. ஓட்டை போட்டுப் போல்ட் முடுக்குவது அதற்கு ஈடாகாது.

இந்தக் காருக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். பின்னால் ஜன்னலோரம் இரண்டிலும் பையன்கள், பின்பக்கம் பார்த்தபடி. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் மகள், முதுகு உயர்ந்த பூஸ்டரில், தோள் பெல்ட்டோடு. மூவரில் ஒருவர் முன்னால் போயே ஆக வேண்டும் என்றால் மூத்தவரும் முன்பக்கம் பார்த்து உட்காருகிறவருமே போக வேண்டும். உங்கள் காரில் அந்தப் பக்கம் ஏர்பேக் இல்லாததால் இதில் சிக்கல் குறைவு. ஏர்பேக் உள்ள காரில் இதே ஏற்பாட்டைச் செய்தால் முன்சீட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் தள்ளியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று: ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். கண் இமைப்பதற்குள் விரியும் பை, நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள ஓட்டில் அறையும். உயிரே போகும். காரில் ஏர்பேக்கை அணைக்கும் சுவிட்ச் இருந்து, அது அணைந்திருக்கிறது என்று விளக்கு காட்டினால் மட்டுமே அதை யோசிக்கலாம்.

அம்மா எங்கே உட்காருவது? பின்னால் நடுவில், இரண்டு சீட்டுக்கும் இடையில், இடுப்பு பெல்ட் போட்டு. இடம் குறுகலாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டிய விஷயம் இது. மூன்று பிள்ளைகளை வைத்துவிட்டு அம்மாவுக்கு இடமில்லாமல் போனால் அந்தக் காரால் என்ன பிரயோஜனம்? ஆச்சி வருவதானால் அன்றைக்கு இந்தக் காரில் இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறாவது ஆளுக்கு இடம் பண்ணப் போனால் ஒரு குழந்தை மடிக்கு வந்துவிடும், எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் போகிறது, பதின்மூன்று கண் பாலத்தின் மேல். குடும்பத்தோடு ஆச்சியும் வரும் நாட்களில் நான் ரயிலையே சொல்வேன். இரண்டு பிள்ளைகளை ரயிலில் தூக்கிக்கொண்டு போவது சிரமம்தான், தெரியும். ஆனால் ரயிலில் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அளவுக்கு வருவோம். டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு காருக்குப் போங்கள். விளம்பரத்தில் போடும் காரின் அகலத்தை நம்பாதீர்கள். ஆல்டோ கே10 வெளி அகலம் 1490 மி.மீ., வேகன் ஆர் 1620, ஸ்விஃப்ட் 1735. இந்த எண்களில் கதவின் தடிமனும் சேர்ந்திருக்கிறது. நமக்கு வேண்டியது பின்சீட்டின் உள் அகலம். அதையும் இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும்: இடுப்பு மட்டத்தில், கதவின் கைதாங்கி துருத்தும் இடத்தில் ஒன்று, தோள் மட்டத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்காது. சீட்டுகள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் கைதாங்கிப் பக்கம்தான்.

உதாரணத்துக்கு உள் அகலம் 122 செ.மீ. என்று வைப்போம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சீட் 44 செ.மீ. பக்கத்தில் இருக்கும். மூன்று வைத்தால் 132, நிற்காது. இரண்டு வைத்தால் நடுவில் 34 மிஞ்சும், பெரியவர் ஒருவரின் இடுப்புக்குக் கஷ்டம். அடிப்பகுதி குறுகிய கைக்குழந்தை சீட்டாக, கைப்பிடி வைத்துத் தூக்குகிற வகையாகப் பார்த்தால் அடியில் சில சென்டிமீட்டர் மிச்சமாகும். அந்த வகை பொதுவாக 13 கிலோ வரை தாங்கும். 8 கிலோ பையன்களுக்கு எடைப்படி இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்பே உயரத்தில் நிறைந்துவிடலாம். தலையின் உச்சி ஓட்டின் விளிம்பைத் தொட்டால் அந்த சீட் முடிந்தது. அதனால் பிறப்பிலிருந்து 18 கிலோ வரை போகும் வகையில் ஒல்லியானதைத் தேடுவதே உங்களுக்கு லாபம். இப்போது நாகரிகமாக விற்கும், சுழன்று கதவுப் பக்கம் திரும்பும் சீட் உங்களுக்கு ஆகாது. அடிப்பாகம் அகலம், உயரமும் கூட, பெரும்பாலானவை ஐசோஃபிக்ஸ் இல்லாமல் நிற்காது.

அகலத்தைப் பார்ப்பவர்கள் நீளத்தை மறந்துவிடுவார்கள். பின்பக்கம் பார்த்த சீட் சாய்ந்து நிற்பதால் முன்சீட்டின் முதுகு வரை இடம் பிடிக்கும். இரண்டு பக்கமும் அப்படி வைத்தால் முன்னால் இரண்டு பேரும் முன்தள்ளி உட்கார வேண்டும். டிரைவரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும், அதைக் குறைத்துக் குழந்தைக்கு இடம் பண்ணக்கூடாது. நீங்கள் உயரமானவரானால் சாய்வு குறைவாக நிற்கும் சீட்டை உங்களுக்குப் பின்னால் வையுங்கள். எட்டு மாதம் ஆகித் தலை நின்ற குழந்தைக்கு, சீட்டின் கையேடு சொல்லும் எல்லைக்குள் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கலாம். பிறந்த குழந்தைக்கு அப்படிச் செய்யக்கூடாது, தலை முன்னால் சாய்ந்து மூச்சு அடைக்கும்.

என் கடையில் நான் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கி, பார்த்து வைத்த சீட்டின் அகல நீளத்துக்கு வெட்டி ஒட்டிப் பின்சீட்டில் வைத்துப் பாருங்கள். அம்மாவை நடுவில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். வாசலில் நின்ற காரில் அரைமணி உட்கார முடியாவிட்டால் ஆரியங்காவு வரைக்கும் முடியாது. இந்த அட்டைச் சோதனை பலருக்குப் பெரிய செலவைத் தடுத்திருக்கிறது. அட்டை சரியாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் காரைக் கடை வாசலில் நிறுத்தி நிஜ சீட்டை மாட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி எடுப்பார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பக்கிள். பக்கத்தில் பக்கத்தில் சீட் வைக்கும்போது கடைசியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜன்னலோரப் பெல்ட்டின் பக்கிளும் நடு பெல்ட்டின் பக்கிளும் ஒட்டி ஒட்டி நிற்கும். பெல்ட் போட்ட பிறகு பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் மடங்கி அழுந்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். அழுந்தினால் மோதும்போது அது உடையலாம், திறந்துகொள்ளலாம். அந்த சீட் அந்தக் காருக்கு ஆகாது. விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஆகாது. பெல்ட் நீளம் போதவில்லை என்று கடையில் விற்கும் நீட்டிப்புத் துண்டை மாட்டவும் கூடாது.

லேபிளில் பார்க்க வேண்டியது: ஆரஞ்சு நிறத்தில், வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தோடு, பழைய ஐரோப்பிய விதியான ஆர்44/04 அல்லது புதிய ஆர்129. இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. இவற்றில் எதுவும் இல்லாத சீட், எத்தனை மெத்தை வைத்துத் தைத்திருந்தாலும், நாற்காலிதான். நம் பக்கம் வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் பழைய சீட்டும் உண்டு. விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்து, அடியில் அச்சிட்ட காலாவதி தாண்டாமல், கையேடும் இருந்தால் பயன்படுத்தலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

இனி மாட்டும் விதம். என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். என் இரண்டாவது மகனுக்கு நானே மாட்டிய சீட். ஷார்ஜாவில் நூற்றுக்கணக்கில் மாட்டியவன் நான். ஊருக்கு வந்த அவசரத்தில், முன்பக்கம் பார்க்கும்போது பெல்ட் போக வேண்டிய வழியில், பின்பக்கம் பார்த்த சீட்டுக்குப் போட்டுவிட்டேன். தென்மலைக்கு முன்னால் ஒரு வளைவில் லாரிக்காகப் பிரேக் அடித்தபோது சீட் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து மாட்டியதும் கையேட்டின் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பேன், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும்.

பெரும்பாலான சீட்டில் பின்பக்கம் பார்க்கும்போது பெல்ட் போகும் வழிக்கு நீல அடையாளமும், முன்பக்கம் பார்க்கும்போது போகும் வழிக்குச் சிவப்பு அடையாளமும் இருக்கும். உங்கள் பையன்களுக்கு நீலம். பெல்ட்டை முறுக்கில்லாமல் விட்டு, பக்கிளைப் பூட்டி, சீட்டின்மேல் உங்கள் எடையைக் கொடுத்து அழுத்திக்கொண்டே பெல்ட்டின் மிச்சத்தை இழுங்கள். சீட்டில் பெல்ட்டைப் பிடித்து வைக்கும் கிளிப் இருந்தால் அதைப் போடுங்கள். நம் கார்களின் பெல்ட் பொதுவாகத் திடீர் இழுப்புக்கு மட்டும்தான் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தக் கிளிப் உள்ள சீட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. மாட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் திரும்ப மாட்டுங்கள். சீட்டின் தலைப்பக்கம் பிடித்து அசைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

குழந்தையைக் கட்டும் பட்டைக்கு வேறு ஒரு சோதனை. பட்டையைப் பூட்டி இறுக்கிய பிறகு தோளின்மேல் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். பட்டை மடிப்பாக விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பின்பக்கம் பார்த்தவருக்குப் பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ புறப்பட வேண்டும். முன்பக்கம் பார்ப்பவருக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. குளிருக்கு என்று துண்டில் சுற்றிய குழந்தையை அப்படியே உள்ளே வைத்துப் பட்டை போடாதீர்கள். முதலில் பட்டை, அதன்மேல் துண்டு. அப்புறம் அரைஞாண். வெள்ளி அரைஞாணின் கொக்கியோ தாயத்தோ பட்டைக்கு அடியில் மாட்டியிருந்தால் வயிற்றில் குத்தும். மேலே தள்ளிவிட்டுப் பூட்டுங்கள். குழந்தை காரணமில்லாமல் வீரிட்டு அழுவதாக வந்த இரண்டு மூன்று பேரிடம் நான் கண்டது இதைத்தான்.

மலையில் வாந்தி வரும். மகளுக்கு முன்சீட்டிலிருந்து ரோடு தெரிவதால் குறையலாம். பையன்களுக்குப் பயணத்துக்குச் சற்று முன்பே வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் ஓடுகிற வண்டியில் பட்டையைக் கழற்றாமல், அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். நமக்கு இடதுபக்கப் போக்குவரத்து, அதனால் இடது கதவுதான் ரோட்டோரம். இருவரில் அடிக்கடி தூக்க வேண்டியவனை இடதுபக்கம் வையுங்கள். வலதுபக்கப் பையனைத் தூக்கக் கதவைத் திறந்தால் முதுகை உரசிக்கொண்டு லாரி போகும். அதனால் நிறுத்தும்போது ரோட்டை விட்டு முழுக்க உள்ளே, ஒரு டீக்கடை முற்றத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ நிறுத்துங்கள். பட்டையில் வாந்தி பட்டால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். சோப்பில் ஊறவைத்தால் நெசவு பலம் குறையும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் சுட்டுவிடும், ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை எடுத்து நெட்டி முறிக்க விடுங்கள். வீட்டுக்கு வந்ததும், தூங்குகிறானே என்று சீட்டிலேயே விட்டு வைக்க வேண்டாம்.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. இரண்டு மாநிலத்துக்கும் சட்டம் இதுதான். கேரளத்தில் 2024 அக்டோபரில் போக்குவரத்து ஆணையர் குழந்தை சீட்டைக் கட்டாயமாக்கி அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தார். உடனே எதிர்ப்பு வர, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார், இப்போதைக்குக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றார். கேமரா பிடிக்குமா பிடிக்காதா என்று பார்த்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

காரை மாற்றும் எண்ணம் இருந்தால், அடுத்த காரில் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் மூன்று இடத்துக்கும் தோள் பெல்ட் இருக்க வேண்டும். இப்போது வரும் பல மாடல்களில் நடுவிலும் வருகிறது. ஆனால் நீங்கள் வாங்கும் அதே வேரியன்ட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பணம் கட்டுங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பொதுவாக ஜன்னலோரம் இரண்டில் மட்டும்தான் இருக்கும், நடுவில் இருக்காது. அது இருப்பது நல்லதுதான், தப்பாக மாட்டும் வாய்ப்புக் குறைவு. ஆனால் மூன்று சீட்டை நெருக்கி வைக்கும்போது அதுவே இடைஞ்சலாகலாம். கொக்கி இருக்கும் இடத்தைவிட்டு சீட்டை இரண்டு விரல் கூட நகர்த்த முடியாது. பெல்ட்டால் மாட்டினால் கதவோரமாக ஒதுக்கி நடுவுக்கு இடம் கொடுக்கலாம். சரியாக இறுக்கிய பெல்ட் பாதுகாப்பில் குறைந்ததில்லை.

அப்படி மூன்று தோள் பெல்ட் உள்ள கார் கிடைத்தால் வரிசை இப்படி: ஜன்னலோரம் இரண்டு பையன்களும் பின்பக்கம் பார்த்து, நடுவில் மகள் முன்பக்கம் பார்த்து. எதிரெதிர்த் திசையில் வைத்தால் இடம் மிச்சமாகும். பின்பக்கம் பார்த்த சீட்டின் பருத்த தோள்பகுதி முன்சீட்டுப் பக்கம் போய்விடும், பூஸ்டரின் பருத்த தலைப்பகுதி பின்சீட்டின் முதுகில் ஒட்டியிருக்கும். ஒன்றின் பருமன் மற்றொன்றின் ஒல்லியான இடத்தில் பொருந்தும். மூன்றையும் ஒரே திசையில் வைத்தால் மூன்று தோளும் ஒரே கோட்டில் முட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மகள் பூஸ்டரில் இருக்கும்போது பக்கிளைப் பூட்ட உங்கள் கை உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் நாலாவது நாள் பூட்டாமல் கிளம்பிவிடுவோம். இந்த வரிசையில் அம்மா முன்சீட்டில் உட்காரலாம்.

புதிய கார் என்றால் பாரத் என்கேப் மதிப்பெண்ணையும் பாருங்கள், காரை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் நம் நாட்டுச் சோதனை அது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரியவர்களுக்கு 32-க்கு, குழந்தைகளுக்கு 49-க்கு என்று இரண்டு தனித்தனி மதிப்பெண் வரும். ஷோரூமில் பெரியவர்களின் நட்சத்திரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நீங்கள் 49-க்கு எத்தனை என்று கேளுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு வேலை இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்து ஐந்து அளவு குறியுங்கள்: இடுப்பு மட்டத்தில் உள் அகலம், தோள் மட்டத்தில் உள் அகலம், இடது பக்கிளுக்கும் வலது பக்கிளுக்கும் நடுத்தூரம், பின்சீட்டின் முதுகிலிருந்து இடது முன்சீட்டின் முதுகு வரை நீளம், அதே போல டிரைவர் சீட் வரை நீளம். கடைசி இரண்டையும் நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் சீட்டை வைத்து எடுங்கள். அந்த ஐந்து எண்ணையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. பிராண்ட் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.